புள்ளி தொலைந்த விசைப்பலகை

நம் கல்லூரிப் பௌதிக ஆய்வுக்கூடத்தின் பின்னறையில் ஒரு பழைய மர அலமாரி உண்டு. பழுதுற்றனவும், பழுதில்லாவிடினும் எவரும் வேண்டாதனவுமாகிய கருவிகள் அங்கே அடைக்கலம் புகுவது வழக்கம். முள் ஒடிந்த கால்வனாமீட்டர்கள், பாதரசம் வற்றிய பாரமானிகள், எந்தப் பூட்டுக்கு உரியன என்று அறியப்படாத சாவிகள் ஆகிய இவற்றினடியில் பல்லாண்டுகளாக ஒரு கணிப்பொறி விசைப்பலகை துணி சுற்றிக் கிடந்தது. பழைய மாணவர் ஒருவர் கடல் கடந்து பணியாற்றித் திரும்பிய காலையில் ஒரு கணிப்பொறியுடன் அன்பளித்துச் சென்றது அது. கணிப்பொறி என்றோ கழிக்கப்பட்டது. பலகையைக் கழிக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. அதன் கனமே அதற்குக் காரணம் என்று எண்ணுகின்றோம். இரண்டு கிலோவுக்கு மேற்பட்ட ஒரு பொருளைக் குப்பையில் எறிய நம் நாட்டார் எளிதில் துணியார்.

2023 ஆம் ஆண்டில் அதனை வெளிக்கொணர்ந்தவர் தமிழ்த்துறை முதுகலை மாணவர் ஒருவர். அவருக்குக் கட்பார்வை இல்லை. கணிப்பொறி திரையில் எழுதுவதனை வாய்விட்டுப் படித்துக் காட்டும் மென்பொருளின் துணைகொண்டே அவர் எழுதுவதும் படிப்பதும் ஆகிய யாவும் நடைபெறும். வேறொரு காரியமாக ஆய்வுக்கூடத்துக்கு வந்தவர், மேசைமீது யாம் துடைத்து வைத்திருந்த அப்பலகையின்மீது தற்செயலாகக் கை வைத்தார், ஒரு விசையை அழுத்தினார், மீண்டும் அழுத்தினார். 'ஐயா, இது பேசுகிறதே!' என்றார்.

அவர் கூறியதன் பொருளை விளக்க அப்பலகையின் அமைப்பைச் சிறிது சொல்லல் வேண்டும். இக்காலத்து மலிவான பலகைகளில் விசையின் கீழ் ஒரு ரப்பர்க் குமிழ் இருக்கும். அழுத்தினால் அது அமுங்கும். எழுத்துப் பதிந்த கணம் எதுவென்று விரலுக்கோ செவிக்கோ தெரியாது. இப்பலகையிலோ ஒவ்வொரு விசையின் கீழும் ஒரு சிறு குழலும், அக்குழலினுள் ஓர் எஃகுச் சுருள்வில்லும் உள்ளன. விசை கீழிறங்க இறங்கச் சுருள்வில் சுருங்கி, ஓர் எல்லையில் தாங்கமாட்டாது இடை முறிந்தாற்போல் ஒருபுறம் வளைந்துவிடும். வளையும் அக்கணமே அதன் அடியில் பொருத்தப்பட்ட சிறு பிளாஸ்டிக் சுத்தி சாய்ந்து கீழேயுள்ள மின்படலத்தைத் தட்டும். 'டக்' என்னும் ஓசையும் எழுத்துப் பதிவும் ஏறத்தாழ ஒருங்கே நிகழும். வளையும் வில்லைக்கொண்டு விசை செய்யும் இவ்வுபாயத்துக்கு ரிச்சர்டு ஹண்டர் ஹாரிஸ் என்பார் 1978 ஆம் ஆண்டில் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். ஐபிஎம் நிறுவனத்தார் அதனை மின்படலத்தோடு இயைத்து, 1985 ஆம் ஆண்டில் 'மாடல் எம்' என்னும் பெயரால் வெளியிட்டனர். அலமாரியில் கிடந்தது அவ்வினத்தைச் சேர்ந்ததே.

ஒவ்வோர் எழுத்தையும் மென்பொருள் உச்சரிக்கக் கேட்டுப் பின்னரே அடுத்த எழுத்துக்குச் செல்வது அம்மாணவருக்கு வழக்கமாயிருந்தது. இப்பலகையிலோ ஓசையே சான்று. ஆதலின் குரலை நிறுத்திவிட்டு ஒரு வாக்கியம் முழுமையும் எழுதிய பின்னர்க் கேட்டால் போதும். கண்ணுள்ள எமக்கு இது தோன்றவேயில்லை.

பலகையின் அடிப்புறத்துச் சீட்டில் 1988 என்னும் ஆண்டும், ஸ்காட்லாந்து தேசத்துக் கிரீனக் என்னும் ஊர்ப்பெயரும் காணப்பட்டன. எம்போல் ஸ்காட்லாந்துப் பாதிரிமார் நிறுவிய கல்லூரிகளின் வரலாற்றைக் கேட்டு வளர்ந்தோர்க்கு அச்சீட்டைக் கண்டவளவில் ஓர் உறவுணர்ச்சி தோன்றுதல் இயல்பே. கிரீனக் என்பது கிளைடு நதியின் கழிமுகத்தை அடுத்த துறைமுகம். 1736 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் வாட் பிறந்த ஊர். அவ்வாட் என்பாரும் ஒரு கல்லூரிக் கருவியைச் செப்பனிடப் புகுந்தே பெரும்பெயர் எய்தினார் என்பதை அன்பர்கள் அறிவர். 1763-64 ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தார் நியூகாமன் நீராவியந்திரத்தின் மாதிரி ஒன்றைப் பழுதுபார்க்க அவரிடம் தந்தனர். பழுதை ஆராய்ந்தவர் அவ்வியந்திரம் நீராவியை வீணாக்கும் குறையைக் கண்டு, 1765 ஆம் ஆண்டில் தனிக் குளிர்கலத்தை அமைக்கும் எண்ணத்தை எய்தினார். யாம் செப்பனிடப் புகுந்ததால் உலகுக்கு விளைந்த நன்மை ஒன்றும் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகின்றோம்.

முதலில் பலகை உயிர்பெறவே இல்லை. அதன் வடத்தின் முனை ஆறு ஊசிகள் கொண்ட வட்டவடிவினது. இக்காலக் கணிப்பொறிகளில் இருப்பதோ தட்டையான யுஎஸ்பி வாய். கடையில் மலிவாகக் கிடைத்த ஓர் இணைப்பியை வாங்கிப் பொருத்தினோம். விளக்கு ஒன்றும் எரியவில்லை. அவ்விணைப்பி கம்பிக்குக் கம்பி சேர்ப்பதன்றி வேறொன்றும் செய்யாதது. பழம்பலகையோ யுஎஸ்பி என்னும் மொழி தோன்றுமுன் பிறந்தது. இரண்டுக்கும் இடையில் ஒரு துபாஷி வேண்டும். மொழிபெயர்க்கும் மின்சுற்றைத் தன்னகத்தே கொண்ட வேறோர் இணைப்பியை வருவித்துப் பொருத்தியவுடன் மூன்று விளக்குகளும் ஒருமுறை மின்னி அணைந்தன. அன்று முதல் அம்மாணவர் தம் ஆய்வேட்டை ஆய்வுக்கூடத்து மூலையில் அமர்ந்தே எழுதலானார். தமிழ்நாட்டரசு 1999 ஆம் ஆண்டில் ஏற்ற 'தமிழ்99' விசையமைப்பே அவருடையது.

இனிச் சொல்லப்போவது எமக்கு இழுக்காவது. ஆயினும் அதனை மறைப்பின் மேற்செல்ல வழியில்லை. புரட்டாசித் திங்களில் ஒருநாள், விருந்தினராக வந்த நண்பர் ஒருவருக்கு இப்பலகையின் பெருமையை எடுத்துரைக்கும் ஊக்கத்தில் கையை வீசினோம். வீசிய கை தேநீர்க் குவளைமேற் பட்டது. இரண்டு கரண்டி சர்க்கரை கலந்த தேநீர் முழுதும் விசைகளினிடையே இறங்கி மறைந்தது. பிற்காலத்துப் பலகைகள் சிலவற்றில் நீர் வடிந்தோட வழி செய்திருந்தனர். 1988 ஆம் ஆண்டுப் பலகையில் அஃது இல்லை. உடனே கவிழ்த்து வடித்தோம். மின்விசிறியின் கீழ் இரண்டு நாள் காயவைத்தோம். மூன்றாம் நாள் பலகை முன்போலவே இயங்கியது. தப்பினோம் என்று மகிழ்ந்தோம். மாணவரிடம் நிகழ்ந்ததைக் கூறாமலும் இருந்துவிட்டோம்.

ஏறக்குறைய பதினைந்து நாள் கழிந்து ஒரு காலையில் அவர் எம்மிடம் வந்து, 'ஐயா, புள்ளியைக் காணோம்' என்றார்.

சென்று பார்த்தோம். 'தமிழ்' என்று அவர் அடித்தது 'தமிழ' என நின்றது. 'வணக்கம்' என்பது 'ணக்கம' என்றாயிற்று. 'எழுத்து' தன் தலையை இழந்து 'ழுத்து' எனக் கிடந்தது. 'கல்லூரி' மட்டும் யாதொரு குறையுமின்றி வந்தது. ஒரே மெய் அடுத்தடுத்து வரின் புள்ளியைப் பொறி தானே இட்டுக்கொள்ளும் ஆதலின் அது பிழைத்தது. ஆங்கிலத்தில் 'ஃபாதர்' என்று அடித்தால் ஏ, எச், இ என்னும் மூன்றெழுத்தே எஞ்சின. ஒவ்வொரு விசையாகச் சோதித்தபோது இறந்தவை எட்டு என்று தெரிந்தது: 4, 5 என்னும் எண்கள், ஆர், டி, எஃப், ஜி, வி, பி என்னும் எழுத்துகள். தமிழ்99 அமைப்பில் இவ்வாறு எழுத்துகளும் முறையே ஐ, ஏ, புள்ளி, எ, வ, ங என்பனவாம். எஃப் விசையின் தலையில் விரல் இடமறிதற்பொருட்டு ஒரு சிறு மேடு உண்டு. நாள்தோறும் அம்மேட்டைத் தடவியே கையை நிலைநிறுத்திக்கொள்ளும் அவருக்கு, அவ்விசையே ஊமையானது எத்துணை இடர் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

'பரவாயில்லை, ஐயா! ஓலைச்சுவடியில் புள்ளி இடாமல்தானே எழுதினார்கள். படிப்பவர் போட்டுக்கொள்ளட்டும்' என்று அவர் நகைத்தார். எகர ஏகார வேறுபாட்டைத் தெளிவாக்க வீரமாமுனிவர் பட்ட பாடும் வீணாயிற்றே என்று யாமும் நகைக்க முயன்றோம். ஆய்வேட்டை ஒப்படைக்க ஒரு திங்களே இருந்தது. அப்பொழுதுதான் தேநீர்க் கதையைக் கூறினோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்து, 'வாசனை வந்தது, ஐயா' என்றார். அவ்வளவே.

பழுது எங்குள்ளது என்பதை ஆராயப் புகுந்தோம். முதற்சான்று அம்மாணவரின் செவியே அளித்தது. இறந்த எட்டு விசைகளின் ஓசைக்கும் ஏனையவற்றின் ஓசைக்கும் வேற்றுமை இல்லை என்று அவர் உறுதியாய்க் கூறினார். ஓசை உண்டெனின் சுருள்வில்லும் சுத்தியும் நலமே. குற்றம் மின்வழியில் இருத்தல் வேண்டும். இரண்டாம் சான்று அவ்வெட்டும் ஒருங்கே இறந்தமை. நூற்றுக்கு மேற்பட்ட விசைகளுக்குத் தனித்தனியே கம்பி இழுத்தல் இயலாது ஆதலின், பதினாறு நெடுவழிகளும் எட்டுக் குறுக்குவழிகளும் வலைபோற் பின்னி, ஒவ்வொரு விசையையும் ஒரு சந்தியில் அமைத்துள்ளனர். எந்தச் சந்தி கூடிற்று என்பதைக் கொண்டு எந்த எழுத்து என்பதைப் பலகையின் மூளையாகிய சில்லு அறியும். இறந்த எட்டும் ஒரே நெடுவழியில் அமைந்தவை. ஒரு தெருவில் எல்லா வீட்டிலும் விளக்கணைந்தால் வீடுதோறும் சென்று பல்பை மாற்றுவார் உண்டோ? தெருவுக்கு வரும் கம்பியையே நோக்குதல் வேண்டும்.

அக்கம்பி மூன்று இடங்களில் கெடலாம்: சில்லினுள், சில்லும் படலமும் கூடும் இணைப்பில், அல்லது படலத்தினுள். சில்லு கெட்டதெனின் எம் முயற்சி அங்கேயே முடியும். ஆதலின் அதனை முதலிற் சோதிக்கத் துணிந்தோம். உறையைத் திறப்பதே ஒரு வழக்காயிற்று. ஆழ்ந்த குழிகளினுள் அறுகோணத் தலையோடு அமைந்த திருகாணிகள் நான்கு. எம்மிடமிருந்த திருப்புளி எதுவும் அவற்றை எட்டவில்லை. ஆய்வுக்கூட உதவியாளராய்ப் பல்லாண்டு பணிபுரிந்து வரும் பெரியவர், இளமையில் தட்டச்சுப் பொறிகளைச் செப்பனிட்டுப் பழகியவர். அவர் மிதிவண்டியேறிச் சென்று, இருசக்கர வாகனப் பட்டறை ஒன்றிலிருந்து 5.5 மில்லிமீட்டர் பாக்ஸ் ஸ்பானர் ஒன்றை இரவல் பெற்று வந்தார்.

படலத்தின் வால்களை இணைப்பினின்றும் உருவிவிட்டு, வெற்றிணைப்பில் ஒரு மெல்லிய கம்பியால் அந்நெடுவழியையும் ஒரு குறுக்குவழியையும் தொட்டோம். கணிப்பொறியின் குரல் 'ஐ' என்றது. அடுத்த குறுக்குவழியைத் தொட்டபொழுது 'வ' என்றது. மாணவர் நாற்காலியினின்றும் எழுந்துவிட்டார். 'சத்தமில்லாமல் எழுத்து வருகிறதே, ஐயா!' என்றார். சில்லு நலம். வால்களின் நுனிகளும் தூயனவாகவே இருந்தன. அவற்றைப் பென்சில் ரப்பரால் தேய்க்கலாம் என்றார் ஒருவர். படலத்தின்மேல் வெள்ளித்துகள் மையால் அச்சிட்ட வழிகளைத் தேய்த்தால் வழியே தேய்ந்துபோம் என்று அஞ்சி அதனை மறுத்தோம். திரும்பப் பொருத்தினோம், எட்டும் இறந்தே கிடந்தன. ஆகவே முறிவு படலத்தினுள்.

இங்கேதான் எமக்கு அச்சம் பிறந்தது. படலத்தை அடைதல் எளிதன்று. மேலே குழல்கள் நிறைந்த பிளாஸ்டிக் தகடு. கீழே வளைந்த எஃகுத் தகடு. இரண்டினிடையே மெல்லிய ரப்பர் விரிப்பும் மூன்று படலங்களும். இவற்றைச் சேர்த்துப் பிடிப்பன மேல்தகட்டிலிருந்தே முளைத்து எஃகுத் தகட்டின் துளைகள் வழியே வந்து, பின்புறத்தில் உருக்கி அமுக்கப்பட்ட ஐம்பதுக்கு மேற்பட்ட பிளாஸ்டிக் ரிவெட்டுகள். அவற்றை வெட்டினால் மீண்டும் ஒட்ட இயலாது. ஒவ்வொன்றின் இடத்திலும் துளையிட்டுச் சிறு போல்ட்டும் நட்டும் முடுக்குவது ஒன்றே வழி. பலர் அவ்வாறு செய்து வெற்றி கண்டுள்ளனர். ஆனால் துளை சிறிது கோணினும் அருகிலுள்ள குழல் உடையும். உடைந்த குழலுக்கு மாற்றில்லை. புதிய பலகை வாங்கலாமே என்பார்க்கு விடை: 1996 ஆம் ஆண்டு தொடங்கி அமெரிக்காவின் கென்டக்கியில் யூனிகாம்ப் என்னும் நிறுவனத்தார் இவ்வகைப் பலகைகளைச் செய்து வந்துள்ளனர். ஆனால் வருவிக்கும் செலவும் காலமும் எம் எல்லைக்கு அப்பாற்பட்டிருந்தன.

பெரியவர் பலகையைக் காதருகே வைத்து மெல்ல ஆட்டினார். உள்ளே மணல்போல் ஏதோ சலசலத்தது. 'ஏற்கெனவே பல தலைகள் உதிர்ந்துவிட்டன, ஐயா. இன்று இல்லாவிட்டால் இன்னும் இரண்டு வருடத்தில் தானே பிரியும்' என்றார். பின்புறத்தைத் திருப்பி எண்ணினோம். பதினொரு ரிவெட்டுகள் முதுமையால் தாமே ஒடிந்திருந்தன. பலகைக்கு உடையவர்போல் ஆகிவிட்ட மாணவரை நோக்கினோம். 'வெட்டுங்கள், ஐயா' என்றார்.

விசைத்தொப்பிகளைக் கழற்றி ஒரு வெள்ளைத் துணியில் வரிசை குலையாமல் வைத்தோம். பின்னர், விசைப்பக்கம் கீழாகப் பலகையைக் கவிழ்த்துக் கூரிய உளியால் ரிவெட்டுத் தலைகளைச் சீவினோம். கவிழ்த்தல் இன்றியமையாதது, நிமிர்ந்த நிலையில் பிரித்தால் சுருள்வில்லும் சுத்தியும் நூற்றுக்கணக்கில் கொட்டிவிடும். எஃகுத் தகட்டை உயர்த்தியவுடன் ஒரு மணம் எழுந்தது. மாணவர் ஒன்றும் கூறவில்லை, யாமும் கூறவில்லை.

படலங்களுள் ஒன்றில் தேநீர் ஒரு நாடு போலும் வரைபடம் தீட்டி உலர்ந்திருந்தது. அதன் எல்லையோரத்தில் வெள்ளிக்கோடு ஒன்று ஏறக்குறைய ஓர் அங்குல நீளத்துக்குக் கறுத்து, நடுவே ஒரு மயிரிழை அளவு அறுந்து கிடந்தது. அப்பதினைந்து நாளும் ஈரமும் சர்க்கரையும் மின்னோட்டமும் கூடி அக்கோட்டைச் சிறிது சிறிதாகத் தின்றிருக்கின்றன. மல்டிமீட்டரின் முனைகளை இருபுறமும் வைத்தோம், மின் கடக்கவில்லை.

சர்க்கரை ஆல்கஹாலில் கரையாது. இதனை மறந்து ஆல்கஹாலையே முதலில் எடுத்த எம்மைத் தடுத்தவர் வேதியியல் துறை நண்பர். வாலைவடித்த நீரால் மெல்ல ஒற்றியெடுத்து, நீரை ஓட்டுதற்பொருட்டே ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பின்னர்ப் பயன்படுத்தினோம். காய்ந்தபின் மின்கடத்தும் வெள்ளிச்சாயத்தை நுண்ணிய தூரிகையால் முறிவின்மேல் தீட்டினோம். ஒரு மணி கழித்து அளந்தால் 40 ஓம், எல்லோரும் கைகொட்டினோம். படலத்தை எஃகுத் தகட்டின் வளைவுக்கு ஏற்ப வளைத்தவுடன் மீண்டும் அறுந்தது. முறிவை மட்டும் மூடிய சாயம் வளைவைத் தாங்கவில்லை. அதனை நீக்கிவிட்டு, கறுத்த பகுதி முழுதையும் கடந்து இருபுறமும் நல்ல கோட்டின்மேல் ஏறும்படி நீளமாகத் தீட்டி, வளைத்த நிலையிலேயே ஓரிரவு உலரவிட்டோம். மறுநாள் அது நின்றது.

துளையிடும் வேலை பெரியவருடையது. அவர் கை நடுங்கும் வயதினர். துரப்பணத்தைப் பிடித்தவுடன் அந்நடுக்கம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. வெட்டிய ஒவ்வொரு முளையின் நடுவிலும் முதலில் ஊசியால் ஒரு குறியிட்டு, 1/16 அங்குலத் துரப்பணத்தால் மெல்லத் துளைத்தார். துரப்பண முனைகள் இரண்டு ஒடிந்தன. குழல் ஒன்றும் உடையவில்லை. 2 மில்லிமீட்டர்ப் போல்ட்டுகளைக் குழல்களினிடையே நுழைத்து, வளைவு பொருந்தும்படி இரும்புக் கிடுக்கியால் இறுக்கி, நடுவிலிருந்து ஓரம் நோக்கி நட்டுகளை முடுக்கினோம். முன் விளிம்பில் சில இடங்களில் போல்ட்டின் தலை உறையோடு முட்டியமையால் அவற்றை வெறுமையாகவே விட்டோம். மூன்று மாலைப்பொழுதுகள் இதற்கே சென்றன.

தொப்பிகளைப் பொருத்தும் வேலையை மாணவர் தாமே ஏற்றுக்கொண்டார். பலகையை நிமிர்த்தி நிறுத்திப் பிடித்துக்கொண்டால் சுருள்வில் தொப்பியினுள் உள்ள முளையில் தானே சென்று அமரும்; கிடத்திவைத்துப் பொருத்தினால் கோணிவிடும். யாம் எழுத்தைச் சொல்லித் தொப்பியைக் கொடுக்க, அவர் பொருத்தி, ஒருமுறை தட்டிக் கேட்டு அடுத்ததற்குக் கை நீட்டினார். இறுதி விசை ஏறியதும் வடத்தைச் செருகினோம். மூன்று விளக்குகளும் மின்னின. அவர் எஃப் விசையின் மேட்டைத் தேடி விரல் வைத்தார். குரலை இயக்கிவிட்டு அடித்தார். 'தமிழ்' என்றது கணிப்பொறி.

யாம் வேலை முடிந்ததென்று கருவிகளைத் திரட்டத் தொடங்கினோம். அவர் எழுந்திலர். வலப்பக்கத்து எண்விசைகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே சென்று, ஏழாம் எண்ணில் நின்றார். 'இது மட்டும் மூக்கடைத்துப் பேசுகிறது, ஐயா.' எம் செவிக்கு ஒரு வேற்றுமையும் புலப்படவில்லை. எழுத்தும் சரியாகவே பதிந்தது. அவர் அத்தொப்பியைக் கழற்றினார். உள்ளே சுருள்வில் முளையினின்றும் அரைக்கால் விலகிச் சாய்ந்திருந்தது. பலகையை மார்போடு நிமிர்த்திப் பிடித்து, மறுபடி பொருத்தித் தட்டினார், தலையசைத்தார்.

ஆய்வேடு குறித்த நாளுக்கு நான்கு நாள் முன்னரே முடிந்தது. எவ்விடத்துக்கு உரியன என்று அறியப்படாத நட்டுகள் இரண்டு மீந்து, அலமாரியில் அச்சாவிகளோடு சேர்ந்தன. பழுது நீங்கிய அன்று மாலை பெரியவர் வழக்கம்போல் எல்லோர்க்கும் தேநீர் கொண்டுவந்தார். குவளை மேசையில் வைக்கப்படும் ஒலியைக் கேட்டதும் மாணவர் ஒரு சொல்லும் பேசாது, வடத்தை உருவி, இரண்டு கிலோவுக்கு மேற்பட்ட அப்பலகையைத் தூக்கித் தம் மடியில் வைத்துக்கொண்டு, அதன் பின்னரே எம் பக்கமாகக் கை நீட்டினார்.